ஆடுகள் அழித்த தடம்

ஹோருசிப் ஆற்றங்கரை
9 ஜூன் 2013

அண்ணா,

மக்காச்சோள மாவு ஏற்றி வந்த லாரி நாளைக் காலை திரும்பிப் போகிறது. வால்விஸ் பே துறைமுகம் வரை போகுமாம். மீன் தொழிற்சாலை வாசலில் கபோய் என்று கேட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிடுவதாக ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டது பக்கத்து வீட்டு முஹாபி அக்காதான். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "இவளுக்கு நாக்கு இருக்குதா, இல்ல நரி தின்னுட்டுப் போயிடுச்சா?" என்று ஓட்டுநர் கேட்டார். "இருக்குது, ஆனா நம்ம ஊரு மழை மாதிரி, வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா உண்டு" என்று அக்கா கிண்டல் செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு வருடமாக உனக்கு எழுதாமல் இருந்ததற்கு அப்பா காரணம் இல்லை. எழுதாதே என்று அவர் சொன்னதில்லை. உன் பெயரைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நீ போன அன்று அப்பா கவிழ்த்து மாட்டிய உன் பால் குடுவை அதே கிளையில் தொங்குகிறது. எடுத்துப் போடவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை. எனக்குத்தான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஆடு மேய்க்க வந்தவள் நான். ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் வலிக்கிறது.

இப்போது ஒரு விஷயம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் கடல் மூடுபனி ஆற்றோடு ஏறி நம் பாறை வரை வந்தது. மணல் நனைந்திருந்தது. சுனைக்குப் போகும் வழியில் பெண்சிங்கத்தின் தடம். வலது முன்காலில் வெளிவிரல் கோணல். பக்கத்தில் சின்னச் சின்னதாக இரண்டு. என் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒன்று தாயின் தடத்துக்குள்ளேயே கால் வைத்து நடந்திருக்கிறது.

செத்த ஆட்டில் விஷம் வைத்துச் சித்தப்பா கமசீத்து கொன்றாரே இரண்டு சிங்கம், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. நீ வனத்துறையிடம் சொன்னாய், அவர் எட்டு மாதம் சிறையில் இருந்தார், "வீட்டுப் பேச்சை வெளியே கொண்டுபோனவன்" என்று அப்பா உன்னைச் சொன்னார், நீ போய்விட்டாய். அதன் பிறகு இதுதான் முதல் தடம். சித்தப்பா இப்போது நம் வீட்டுக்கு இரண்டு மேடு தள்ளித்தான் இருக்கிறார். அவர் கண்ணில் பட்டால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

அதனால் ஆடுகளை அந்த வழியில் ஓட்டினேன். முப்பத்தோரு ஆடு. இரண்டு தடவை போகவைத்து வரவைத்தேன். பிறகு பார்த்தால் குளம்படியைத் தவிர ஒன்றும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. செய்தது சரியா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்கு முன்னால் ஆற்றின் அக்கரையில் ஒரு பூட்ஸ் தடம் பார்த்தேன். பூட்ஸ் புதிது, நடை பழையது. இடது கால் வெளியே திரும்பி இருந்தது. அங்கே நிற்கும் ஒற்றை அனா மரம் வரை வந்து, நெடுநேரம் நின்று, திரும்பிப் போயிருந்தது. அப்பா பார்த்துவிடக் கூடாது என்று அதன் மேலும் ஆடுகளை ஓட்டினேன். நான் முதலில் அழித்தது உன் தடத்தைத்தான்.

ரிகூத்தா


வால்விஸ் பே
28 ஜூன் 2013

ஏ வாயில்லாப் பூச்சி,

உன் கடிதத்தை மீன் வெட்டும் மேசையில் வைத்துப் படித்தேன். இப்போது அதுவும் நாறுகிறது. இங்கே எல்லாமே நாறும். நான் துவைத்துப் போட்ட சட்டையைப் பூனைகள் வந்து நக்குகின்றன.

ஆமாம், வந்தேன். நின்றேன். அப்பா தீயின் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் போதும் என்று ஆகிவிட்டது. நீ அழித்தது நல்லதுதான்.

சிங்க விஷயத்துக்கு வருகிறேன். நீ செய்தது சரி. ஆயிரம் தடவை சரி. அந்தக் கோணல் விரல், விஷத்தில் செத்தவளின் மகள். அப்போது குட்டி. தாய் செத்துக் கிடந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்திருந்ததைத் தடத்தில் பார்த்தேன். அவள் பிழைத்துக் குட்டியும் போட்டிருக்கிறாள் என்றால், நான் மீன் நாற்றத்தில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பலன் இருக்கிறது.

தினமும் விடிந்தவுடன், மற்றவர்கள் சுனைக்குப் போவதற்கு முன்னால் ஆடுகளை அந்த வழியே ஓட்டு. காற்றின் வாட்டத்தைப் பார்த்துக்கொள். ஆடுகளை மேல்கரையிலேயே மேயவிடு, புதருக்குள் விடாதே. யாரிடமும் மூச்சு விடாதே. ஒருத்திக்குச் சொன்னால் சித்தப்பாவுக்குச் சொன்ன மாதிரி.

அப்பா இருமுகிறாரா?

கபோய்


ஹோருசிப்
2 ஆகஸ்டு 2013

அண்ணா,

இருமுகிறார். காலையில் மட்டும்.

நீ சொன்னபடியே செய்கிறேன். ஒரு மாதம் ஆகப்போகிறது. ஆடுகளுக்கே பழகிவிட்டது, கதவைத் திறந்தால் தானாக அந்த வழியில் இறங்குகின்றன.

குட்டிகளை ஒரு தடவை நேரில் பார்த்தேன். தூரத்தில். ஆற்று மணலில் யானைகள் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. கல்கௌதாரிகள் கூட்டமாக இறங்கிக் குடித்துக்கொண்டிருந்தன. குட்டி ஒன்று அவற்றின் நடுவில் பாய்ந்து, ஒன்றும் கிடைக்காமல் குழிக்குள் விழுந்தது. தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

ஆனால் வறட்சி கொடியதாக இருக்கிறது. துள்ளுமான்கள் மேற்கே போய்விட்டன. நீளக்கொம்பு மான்கள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. ஒரு ஒட்டகச்சிவிங்கி வளைவில் செத்துக் கிடந்தது, ஒரு வாரம் சிங்கம் அதில்தான் சாப்பிட்டது. அதுவும் தீர்ந்துவிட்டது. இனி அவள் எதைத் தின்பாள்?

முஹாபி அக்கா தினமும் இரண்டு கழுதைகளோடு சுனைக்குத் தண்ணீருக்குப் போகிறாள். நம் பக்கத்துக் கிணற்றுக் குழாயை யானை பிடுங்கிப் போட்டதிலிருந்து எல்லோருக்கும் அதுதான் வழி. நேற்று வழியில் என்னை நிறுத்தினாள்.

"என்னடி, ஆட்டையெல்லாம் இந்தப் பக்கமே ஓட்டுற? இங்க என்ன புல்லா மொளச்சிருக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"தடம் கிடம் ஏதும் பாத்தியா? ராவுல கழுதைங்க நிக்கமாட்டேங்குது."

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

"சரி, உன் கண்ணு பாக்காததையா என் கண்ணு பாக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு, கழுதையின் காதைத் தட்டிக்கொண்டு போனாள்.

அண்ணா, அவளுக்கு மட்டும் சொல்லட்டுமா? அம்மா இறந்த வருடம் என் தலைக்கு எண்ணெயும் காவிக்கல்லும் பூசிவிட்டது அவள்தான். அவள் சித்தப்பாவிடம் சொல்ல மாட்டாள். சொல்லட்டுமா என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ரிகூத்தா


வால்விஸ் பே
19 ஆகஸ்டு 2013

ரிகூத்தா,

வேண்டாம்.

முஹாபி நல்லவள்தான். நல்லவர்களுக்குத்தான் பயம் வந்தால் முதலில் வாய் திறக்கும். அவள் தன் புருஷனிடம் சொல்வாள், அவன் சித்தப்பாவோடு உட்கார்ந்து புகையிலை போடுகிறவன். பிறகு ஒரு செத்த ஆடு, ஒரு கைப்பிடி மருந்து. குட்டிகள் தாயின் பாலில்கூடச் சாகும். நான் பார்த்திருக்கிறேன்.

மழை வரும்வரை பல்லைக் கடித்துக்கொள். மழை வந்தால் மான்கள் திரும்பும், அவளும் மலைக்கு ஏறிவிடுவாள். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

கபோய்


ஹோருசிப்
11 செப்டம்பர் 2013

ஆகிவிட்டது.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சலாக இருந்தது. ஆடுகளை அப்பா பட்டியிலேயே விட்டுவிட்டார். நான் அழிக்கவில்லை. ஆனால் முதல் நாள் அழித்திருந்தேன், அதற்கு முதல் நாளும். வழி முழுக்கக் குளம்படிதான். சிங்கம் அன்று வழியில் நடக்கவில்லை. ஓரத்துப் புதரிலேயே படுத்திருந்திருக்கிறது.

முஹாபி அக்கா முன்னால் போன கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த கழுதையின் கயிற்றை வலது மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். சிங்கம் முன் கழுதையின் மேல் விழுந்தது. பின் கழுதை அவளை இழுத்துக்கொண்டு பாறையில் ஓடியது. கை இரண்டு இடத்தில் முறிந்தது. ஒபுவோ ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்துவிட்டு நேற்றுத்தான் வந்தாள். விரல்கள் மடங்கவில்லை. பால் கறக்கிற கை, அண்ணா.

இது மட்டும் என்றால்கூட நான் அழுதுவிட்டு இருந்திருப்பேன். ஆண்கள் எல்லோரும் வழியெல்லாம் போய்த் தடம் தேடினார்கள். கழுதை விழுந்த இடத்தில் மட்டும் தடம் இருக்கிறது, அங்கிருந்து பாறை. வழியில் பழைய தடம் ஒன்றுகூட இல்லை. இந்தப் பக்கம் சிங்கம் நடமாடியிருந்தால் நமக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சித்தப்பாதான் ஆரம்பித்தார். "தடமே இல்லாம வந்து நிக்க அது என்ன காத்தா? இது தானா வந்த சிங்கம் இல்ல. யாரோ ஏவிவிட்டது."

யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கவேதூரா பெரியம்மாவின் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். முஹாபி அக்கா புருஷனின் மூத்த மனைவி அவள். பிள்ளை இல்லாதவள். இரண்டு பேருக்கும் போன மாதம் ஒரு கன்றுக்குட்டி விஷயத்தில் சண்டை வந்தது உண்மை. இப்போது யாரும் அவள் கையால் தண்ணீர் வாங்குவதில்லை. அவள் கடந்துபோனால் பிள்ளைகளை உள்ளே இழுக்கிறார்கள். அவளை ஊரைவிட்டு அனுப்புவதா என்று பேச அடுத்த மாதம் எல்லோரும் நம் பட்டிக்குப் பக்கத்து அனா மரத்தடியில் கூடுகிறார்கள்.

அப்பாவும் அன்று தடம் பார்க்கப் போயிருந்தார். ஒரு இடத்தில் குனிந்து நின்றார். அங்கே குளம்படிகளுக்கு நடுவில் என் டயர் செருப்பின் தடம் இருந்தது. குதிகாலில் துண்டு போன செருப்பு, உனக்குத் தெரியும். ஆடுகள் போய் வந்து போன விதத்தையும் பார்த்தார். மேய்க்கிறவள் யாரும் அப்படி ஓட்டமாட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு காலால் அந்தச் செருப்புத் தடத்தைத் தேய்த்துவிட்டு, "காத்துல எல்லாம் போயிடுச்சு" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

உன்னை வெளியே பேசியதற்காகக் கோபித்தவர், எனக்காகப் பொய் சொன்னார். அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை.

நான் என்ன செய்வது?


வால்விஸ் பே
24 செப்டம்பர் 2013

ரிகூ,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் லாரிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

முஹாபியின் கை என் தலையில் விழுகிறது, உன் தலையில் அல்ல. நீ கேட்டாய், நான் வேண்டாம் என்றேன். முந்நூறு மைலுக்கு அப்பால் மீன் வெட்டிக்கொண்டு, அந்த வழியில் நடக்க வேண்டியவளைப் பற்றி நான் முடிவு செய்தேன்.

இருந்தாலும் கேள். பேசாதே. பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு என்னைப் பார். நான் உண்மையைத்தான் சொன்னேன். யாராவது நன்றி சொன்னார்களா? எனக்கு வீடு போனது. நான் ஆண்பிள்ளை, கடற்கரைக்கு ஓடி வர முடிந்தது. நீ எங்கே போவாய்? கடைக்காரனிடம் உப்புக் கேட்கக்கூட உனக்குக் குரல் வராது.

கவேதூராவைத் துரத்தினால் அவள் அண்ணன் வீட்டுக்குப் போவாள். ஒரு வருடத்தில் எல்லாம் ஆறிவிடும், திரும்பி வருவாள். அப்பா மூடி வைத்ததை நீ திறக்காதே. முதல் தடவையாக அவர் ஒரு பிள்ளையின் பக்கம் நின்றிருக்கிறார்.

நான் சொல்வது கேவலமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கபோய்


ஹோருசிப்
20 அக்டோபர் 2013

அண்ணா,

உன் கடிதம் கூட்டத்துக்கு முதல் நாளே வந்துவிட்டது. மூன்று தடவை படித்தேன். ஒரு வருடத்தில் ஆறிவிடும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இரண்டு வருடம் ஆகிறது, ஆறிவிட்டதா?

கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். கவேதூரா பெரியம்மா தனியாக, வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நிழலில் யாரும் இடம் விடவில்லை. முஹாபி அக்கா கையைக் கழுத்தில் தொங்கும் துணியில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தாள். சித்தப்பா எழுந்து முன்னும் பின்னும் நடந்து பேசினார். தடமில்லாத சிங்கம், தடமில்லாத சிங்கம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் எழுந்து சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நீ சொன்னது சரி, எனக்குக் குரல் வராது. 

அதனால் பட்டிக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

முப்பத்தோரு ஆட்டையும் கூட்டத்துக்கு நடுவில் ஓட்டினேன். சித்தப்பா நடந்து நடந்து பேசிய இடத்தின் மேலேயே. "ஏய்! பெரியவங்க பேசறது கண்ணுக்குத் தெரியல? ஓட்டுடி அந்தப் பக்கம்!" என்று கத்தினார். நான் அந்தப் பக்கம் ஓட்டி, மறுபடி இந்தப் பக்கம் ஓட்டினேன். புழுதி எல்லோர் முகத்திலும் அடித்தது. "காய்ச்சல் மண்டைக்கு ஏறிடுச்சு பொண்ணுக்கு" என்று யாரோ சொன்னார்கள். அப்பா மட்டும் ஆடுகளின் குளம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

புழுதி அடங்கியதும் மணலைக் கையால் காட்டினேன். அப்போதுதான் குரல் வந்தது. சின்னதாக.

"சித்தப்பா, உங்க தடம் எங்க?"

அவர் கீழே பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். குளம்படிதான் இருந்தது. 

முஹாபி அக்காவின் புருஷன், "அப்ப நம்ம கமசீத்துவும் ஏவிவிட்ட ஆளுதான் போல" என்றான். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. கவேதூரா பெரியம்மா எழுந்தாள். துணியில் ஒட்டிய மணலை உதறினாள், ரொம்ப நேரம் உதறினாள். யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மறுநாள் போய்க் கேட்டேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"யார் சொல்லிக் குடுத்தது உனக்கு?" என்று சித்தப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்பாதான் எழுந்து அவர் கையை எடுத்துவிட்டார்.

"வேற யாரு? கபோய்தான் சொல்லியிருப்பான்" என்றார்.

கபோய் என்றார், அண்ணா. கோபத்தில் சொன்னாரா, வேறு விதமாகவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு நம் வீட்டு ஆள் வாயில் அந்தப் பெயர் வந்தது.

இப்போது நீ கேட்காததைச் சொல்ல வேண்டும். வனத்துறை ஆட்கள் வந்தார்கள். மனிதர்கள் நடக்கும் வழியில் சிங்கம் வேட்டையாடப் பழகிவிட்டது, இனி விடமுடியாது என்றார்கள். எங்கே படுக்கும், எங்கே குடிக்கும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர்கள் கேட்டார்கள். முஹாபி அக்கா பக்கத்தில் நின்றாள். நான் காட்டினேன். மறுநாள் காலையில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். கோணல் விரல் அவள்தான், நான் போய்ப் பார்த்தேன். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. குட்டிகள் கிடைக்கவில்லை.

நான் மறைக்காமல் இருந்திருந்தால் ஜூன் மாதமே சித்தப்பா மருந்து வைத்திருப்பாரா, அல்லது எல்லோரும் வழியை மாற்றிக்கொண்டு அவளும் பிழைத்திருப்பாளா? யோசித்து யோசித்து ஆடுகளை எண்ணும்போது எண்ணிக்கை தவறுகிறது.

முஹாபி அக்காவிடம் கூட்டத்தன்றே போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் மணலைப் பாத்துட்டுத்தான் போனேன், ரிகூத்தா" என்றாள்.

இப்போது அவள் மணலைப் பார்ப்பதில்லை. விடிந்ததும் நம் வாசலில் வந்து நிற்கிறாள். "நீ முன்னால நட" என்கிறாள். நான் முன்னால் நடக்கிறேன், மிச்சமிருக்கிற ஒரு கழுதையோடு அவள் பின்னால் வருகிறாள். தண்ணீரை நான் மொண்டு கட்டுகிறேன்.

நேற்று மூடுபனி வந்தது. சுனைக்குப் பக்கத்தில் ஒரு தடம் இருந்தது. சின்னது, தனியாக. ஒன்றுதான். முன்பு என் உள்ளங்கைக்குள் அடங்கியது, இப்போது அடங்கவில்லை. ஆடுகள் எனக்குப் பின்னால் பரவி வந்துகொண்டிருந்தன. நான் கையை விரித்து அவற்றைத் தடுத்தேன். பிறகு கற்களைப் பொறுக்கி அந்தத் தடத்தைச் சுற்றி வட்டமாக வைத்தேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியட்டும் என்று. சித்தப்பாவுக்கும் தெரியும். அது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. 

முஹாபி அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டத்தில் ஒரு இடைவெளி இருந்தது. இடது கையால் ஒரு கல்லை எடுத்து அதில் வைத்தாள். "நட" என்றாள்.

மாவு லாரி மறுபடி அடுத்த மாதம் வருகிறது. நீ வா என்று எழுத எனக்கு உரிமை இல்லை, குடுவை இன்னும் கவிழ்ந்துதான் தொங்குகிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இனிமேல் நீ அக்கரை வரை வந்து நின்றால், உன் தடத்தின் மேல் ஆடுகளை ஓட்டமாட்டேன். சுற்றிக் கல் வைப்பேன். அப்பா பார்க்கட்டும்.

ரிகூத்தா